காலடியைப் பார்த்து நுழையுங்கள்

அக்டோபர் கடைசியில் பத்து நாள் ஜப்பான் போவதாகவும், அம்மாவும் கூட வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புத்தர் கோயில்கள் பார்க்க வேண்டும், ஜென் என்கிறார்களே அதையும் கொஞ்சம் அனுபவித்துப் பார்க்க வேண்டும். எங்கே போவது, தியானத்தில் நம்மை உட்கார விடுவார்களா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பது உங்கள் கேள்வி. யோகோஹாமாவில் குடியிருந்த வருடங்களில், ஊரிலிருந்து வந்த சித்தி, மாமா, நண்பர்கள் என்று எல்லோரையும் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனவன் நான். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் கையில் இருக்கும் பட்டியலைச் சுருக்குங்கள். சுற்றுலாக்காரர்கள் தரும் அட்டவணையில் ஒரு நாளைக்கு ஆறு கோயில் இருக்கும். நவகிரகக் கோயில்களை ஒரே மூச்சில் சுற்றி முடிப்பதுபோல் அதையும் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் கேட்டது அதில் கிடைக்காது. ஒரு நாளைக்கு இரண்டு கோயில், அதில் ஒன்றாவது கூட்டம் போகாததாக இருக்கட்டும். பயணம் முழுக்க ஒரு தடவை தியானம், ஒரு தடவை கோயில் சாப்பாடு. என் கணக்கு இவ்வளவுதான்.

அப்புறம், ஜப்பானில் பார்க்கிற புத்தர் கோயில் எல்லாம் ஜென் கோயில் கிடையாது. நாராவில் தோடைஜியின் பெரிய புத்தர் கெகோன் பிரிவைச் சேர்ந்தவர். 752-ல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அதற்காகவே அங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம். காமகுராவில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் வெண்கலப் புத்தர் ஜோதோ பிரிவின் அமிதாபர். கோயா மலையில் தங்கிவிட்டு வந்து 'ஜென் கோயிலில் தங்கினோம்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது ஷிங்கோன், மந்திரமும் மண்டலமும் உள்ள தாந்திரிக வழி. அங்கே தீ வளர்த்துச் செய்யும் சடங்குக்குப் பெயர் 'கோமா', நம் ஹோமமேதான். இவை எல்லாமே பார்க்க வேண்டியவைதான், ஜென்னைத் தேடிப் போகிறவர்கள் இடம் மாறிப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வாசலில் இரண்டு தூணும் குறுக்குக் கட்டைகளும் மட்டும் உள்ள தோரி நின்றால் அது பெரும்பாலும் ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் சன்னதி. அங்கே இரண்டு முறை கைதட்டிக் கும்பிடுவார்கள். புத்தர் கோயிலில் தட்டக் கூடாது, நாம் கும்பிடுவதுபோல் சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும்.

ஜென் என்ற சொல்லே நம்மிடமிருந்து போனதுதான். 'தியானம்' சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆனது. ஜப்பானில் மூன்று கிளைகள் உண்டு. எய்சாய் என்ற துறவி 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து கொண்டுவந்தது ரின்சாய். தோகென் 1227-ல் திரும்பிவந்து தொடங்கியது சோதோ. 17-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இங்கென் கொண்டுவந்தது ஓபாகு. ரின்சாயில் கோஆன் என்கிற விடுகதை போன்ற கேள்விகளைக் குரு சீடனுக்குக் கொடுப்பார். ஹாகுயின் என்ற 18-ஆம் நூற்றாண்டுக் குரு கேட்டது பிரபலம்: இரண்டு கை தட்டினால் ஓசை வரும், ஒரு கையின் ஓசை என்ன? 'இரண்டு கை தட்டினால்தான் ஓசை' என்று சொல்லியே வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கூடுதலாக உறுத்தும். சோதோவில் கேள்வியெல்லாம் பெரிதாகக் கிடையாது. சும்மா உட்கார், உட்கார்வதுதான் எல்லாம் என்பார்கள்.

ஜென்னைச் சீனாவுக்குக் கொண்டுபோனதாகச் சொல்லும் போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர்தானே என்று கட்டாயம் யாராவது உங்களிடம் கேட்பார்கள், எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547-ஐ ஒட்டி எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதற்கு அடுத்த குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் ஜென் நூல் அந்த அரசரின் பெயரைச் சொல்கிறது. ஜப்பானிய உச்சரிப்பில் அது 'கோஷி'. இதில் காஞ்சியைக் கேட்பவர்கள் பலர். பல்லவ இளவரசர் என்பது இந்த நூலிழையின் மேல் பின்னால் நெய்த கதை. எனக்கும் அவர் நம் ஊர்க்காரராக இருந்தால் சந்தோஷம்தான், ஆனால் கோயில் துறவியிடம் போய் அடித்துச் சொல்லாதீர்கள். அங்கே அவர் பெயர் தாருமா. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில் கை கால் போனதாகக் கதை. அதனால்தான் தாருமா பொம்மைக்குக் கை கால் இருக்காது. கண்ணும் வெள்ளையாக இருக்கும். வேண்டிக்கொண்டு ஒரு கண்ணில் கருவிழி வரைவார்கள், காரியம் கைகூடினால் மறுகண். கியோட்டோ டென்ரியூஜியில் சமையற்கட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் முட்டை விழியோடு முறைக்கிற பெரிய தாருமா ஓவியம் ஒன்று இருக்கிறது. என் மாமா அதைப் பார்த்ததும் அனிச்சையாகச் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

செருப்பு என்றதும் நினைவு வருகிறது. ஜென் கோயில் வாசலில் கறுப்பு மையில் நான்கு எழுத்து எழுதிய பலகை ஒன்றைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். 'கியாக்கா ஷோகோ' என்று படிக்க வேண்டும். உன் காலடியைப் பார் என்று பொருள். தத்துவமாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே தொங்குவதன் உடனடிப் பொருள், கழற்றிய செருப்பை ஒழுங்காக வை என்பதுதான். நுனி வெளிப்பக்கம் பார்க்க, இரண்டும் ஒட்டி. இந்த இரண்டு பொருளையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. தோட்டம், தேநீர், ஓவியம் எல்லாவற்றையும்விட ஜென் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது அந்தப் பலகைதான். ஜப்பானிய வீட்டு வாசலுக்குச் சொல்லும் 'கென்கான்', வணக்கம் சொல்வதற்கான 'ஐசாட்சு' இரண்டுமே ஜென் மடங்களிலிருந்து தெருவுக்கு வந்த சொற்கள்.

சரி, இடங்களுக்கு வருவோம். டோக்கியோவில் இறங்குகிறீர்கள் என்றால் முதலில் காமகுரா. யோகோசுகா ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கிதா-காமகுரா நிலையம் வரும். இறங்கியதும் எதிரிலேயே எங்காகுஜி. ஒரு வேடிக்கை, 1889-ல் போட்ட ரயில் பாதை கோயில் நிலத்தின் குறுக்கே போகிறது. கோயில் குளம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வாசல் இந்தப் பக்கம். மங்கோலியப் படையெடுப்பைத் தடுத்த ஆட்சியாளர் ஹோஜோ தோகிமுனே 1282-ல் கட்டியது. போரில் இறந்தவர்களுக்காக, தன் பக்கத்தவருக்கும் எதிரிப் பக்கத்தவருக்கும் சேர்த்து. மேற்குலகில் ஜென்னைப் பரப்பிய டி. டி. சுசுகி பயின்றது இங்கேதான். அங்கிருந்து பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் கென்ச்சோஜி. 1253-ல் தொடங்கியது, சீனத்திலிருந்து வந்த ரான்கெய் தோரியூ முதல் குரு. அவர் கொண்டுவந்த விதையில் முளைத்ததாகச் சொல்லும் ஜூனிபர் மரங்கள் 750 வருடத்துக்கும் மேலாக முற்றத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த இடம் முன்னால் கொலைக்களம், பெயரே நரகப் பள்ளத்தாக்கு. அதனால்தான் மூலவர் புத்தராக இல்லாமல், நரகத்தில் இருப்பவர்களையும் மீட்கும் போதிசத்துவரான ஜிஸோ. பிரசங்க மண்டபத்தில் எலும்பும் நரம்புமாக உட்கார்ந்திருக்கும் உபவாச புத்தர் சிலை பாகிஸ்தான் தந்தது. லாகூர் அருங்காட்சியகச் சிலையின் பிரதி. நவம்பர் 3-ஐ ஒட்டி இந்த இரண்டு கோயில்களிலும் பழைய ஓவியங்களையும் சுவடிகளையும் வெளியே எடுத்துக் காற்றாட வைப்பார்கள், நாமும் பார்க்கலாம். உங்கள் தேதி கொஞ்சம் தள்ளினால் அதைப் பிடித்துவிடலாம்.

நேரம் மிஞ்சினால் ஹோகோகுஜியின் மூங்கில் தோப்பில் உட்கார்ந்து மாச்சா என்கிற பச்சைத் தேநீர் குடிக்கலாம். கசக்கும். கூடத் தரும் இனிப்பை முதலில் தின்ன வேண்டும், இரண்டையும் மாறி மாறி அல்ல.

கியோட்டோவுக்கு மூன்று நாளாவது வையுங்கள். கின்காகுஜி என்கிற தங்கக் கோயில் ஜென் கோயில்தான், ஷோகோகுஜியின் கிளை. 1950-ல் எரிந்து 1955-ல் திரும்பக் கட்டியது. அழகுதான், ஆனால் திருப்பதி வரிசைபோல் கூட்டம் உங்களை முன்னே தள்ளிக்கொண்டே போகும், நின்று பார்க்க முடியாது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் திறக்கும் நேரத்துக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள்.

ரியோஆன்ஜியின் கல் தோட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் வேறுமாதிரி ஒன்று சொல்கிறேன். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் வெள்ளைச் சரளை, அதில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல் மறைந்திருக்கும். வருகிறவர்கள் எல்லாம் விரல் விட்டுக் கல்லை எண்ணிவிட்டு, பதினான்கு என்று சிரித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் கல்லை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் மண்சுவரைப் பாருங்கள். எண்ணெய் கலந்து பிசைந்த மண்ணில் எழுப்பியது, வருடக் கணக்கில் எண்ணெய் கசிந்து கசிந்து புகைபடிந்த ஓவியம்போல் ஆகியிருக்கிறது. அந்தச் சுவர் இல்லாமல் கற்கள் ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி. பின்பக்கம் கை கழுவும் கல்தொட்டி ஒன்று உண்டு. நடுவில் சதுரமான பள்ளம், அதைச் சுற்றி நான்கு எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் நடுச் சதுரத்தைச் சேர்த்துப் படித்தால்தான் முழுமையாகும்: 'போதும் என்பதை மட்டும் அறிவேன்.' காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். எட்டேகாலுக்குள் திண்ணையில் இருந்தால் ஒரு தோட்டத்தைப் பார்ப்பீர்கள், பத்தரைக்குப் போனால் மற்றவர்களின் முதுகைப் பார்ப்பீர்கள்.

கியோட்டோவில் ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் நான் டைடோகுஜியைச் சொல்வேன். அது கோயில் என்பதைவிடக் கோயில்களின் அக்ரகாரம் என்று சொன்னால் புரியும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கல் பாவிய நடைபாதை, இருபுறமும் இருபதுக்கு மேல் சிறு மடங்கள். டைசென்-இன், ரியோகென்-இன், ஸுய்ஹோ-இன் போன்ற சிலவற்றில் மட்டும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். ஸுய்ஹோ-இன்னைக் கட்டியவர் பின்னால் கிறிஸ்தவரான ஒரு பிரபு. அதை நினைத்து 1961-ல் தோட்டக் கலைஞர் ஷிகெமோரி மிரேய் பின்பக்கத் தோட்டத்தில் கற்களைச் சிலுவை வடிவில் போட்டிருக்கிறார். யாராவது சொன்னால்தான் தெரியும். பெரிய வாசல் மாடம் ஒன்று சிவப்பாக நிற்கும். தேநீர்ச் சடங்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த சென் நோ ரிக்யூ அதன் மேல்மாடத்துக்குப் பணம் கொடுத்தார்; நன்றிக்கு மடத்தார் அவருடைய மரச்சிலையை மேலே வைத்தார்கள். வாசல் வழியாக நான் போகும்போது ரிக்யூவின் காலுக்குக் கீழே போக வேண்டுமா என்று அப்போது நாட்டை ஆண்ட ஹிதேயோஷிக்குக் கோபம். 1591-ல் ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொள்ள உத்தரவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். எளிமை, அமைதி என்று தேநீரை வருணிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாசல்தான் ஞாபகம் வரும்.

மியோஷின்ஜியும் இதேமாதிரி மடங்களின் கிராமம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் குறுக்கு வழியாக ஓட்டிப்போவார்கள், அந்தச் சாதாரணம் எனக்குப் பிடிக்கும். தோஃபுகுஜியில் பாசியும் சதுரக் கல்லும் சதுரங்கக் கட்டம்போல் மாறி மாறிக் கரைந்துபோகும் தோட்டம் இருக்கிறது, 1939-ல் அதே மிரேய் செய்தது. இலைகள் சிவக்கும் நவம்பர் பின்பாதியில் அங்கே மூச்சுவிட இடம் இருக்காது. அக்டோபர் கடைசியில் போகிற நீங்கள் தப்பித்தீர்கள். ஸைஹோஜி என்கிற பாசிக் கோயிலுக்கு நேராகப் போய் நுழைய முடியாது, முன்பதிவு வேண்டும், கட்டணமும் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. உள்ளே போனதும் முதலில் தூரிகையைக் கொடுத்து சூத்திரம் எழுதச் சொல்வார்கள், பிறகுதான் தோட்டம். அம்மாவுக்கு ராமஜெயம் எழுதுகிற பழக்கம் இருந்தால் அவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி தியானம். ஜாஜென் என்பார்கள், உட்கார்ந்த ஜென். வெளியாட்களை உட்கார விடுவார்கள், பல கோயில்கள் அதற்கென்றே நேரம் வைத்திருக்கின்றன. எங்காகுஜியிலும் கென்ச்சோஜியிலும் பொதுமக்களுக்கு ஜாஜென் நடக்கிறது. டோக்கியோ நிஷி-அஸாபுவில், சோதோ தலைமை மடமான எய்ஹெய்ஜியின் கிளையான சோகோகுஜி இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் மியோஷின்ஜி வளாகத்தில் ஷுன்கோ-இன். நாள், நேரம், முன்பதிவு எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் அந்தந்தக் கோயிலின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? சாக்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். ஜாஃபு என்கிற உருண்டைத் தலையணையின் முன்பாதியில் உட்கார்ந்து, பத்மாசனமோ அரைப் பத்மாசனமோ, முடியாவிட்டால் சம்மணம். இரண்டு முழங்காலும் தரையைத் தொட வேண்டும். இடது கையை வலது கைமேல் வைத்து, கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொட, முட்டை வடிவில் ஓர் இடைவெளி. கண்ணை மூடக் கூடாது. பாதி திறந்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையில் பார்வையைப் போட வேண்டும். சோதோவில் சுவரைப் பார்த்து, ரின்சாயில் எதிர்வரிசையைப் பார்த்து. மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள், நடுவில் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. அவ்வளவுதான். மந்திரம் கிடையாது, உருவம் கிடையாது. ஓர் ஊதுபத்தி எரிந்து முடிகிற நேரம் ஒரு சுற்று. வழக்கமாக நாற்பது நிமிடம், புதியவர்களுக்குக் குறைப்பார்கள்.

தட்டையான கம்போடு ஒரு துறவி மெல்ல நடந்துகொண்டிருப்பார். அடிப்பார்களாமே என்று பயப்பட வேண்டாம். பொதுமக்கள் உட்காரும் இடங்களில், கைகூப்பிக் கேட்டால்தான் தோளில் விழும். கூர்மையாகச் சத்தம் கேட்கும், வலியைவிடத் தூக்கம் கலைவதுதான் அதிகம். முதல் தடவை நான் கேட்டு வாங்கினேன், நன்றாகவே இருந்தது. கேவலப்பட்டது அதற்குப் பிறகு. மணி அடித்ததும் மற்றவர்களைப் போல் எழுந்தேன், இடது கால் மரத்துப்போய் அங்கே கால் இருப்பதே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த வயதான ஜப்பானியர் மேல் சாய்ந்துவிட்டேன். அவர் எதுவும் நடக்காததுபோல் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நீங்கள் எழும் முன் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, காலை நீட்டி, ரத்தம் ஓடியபின் எழுங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

நமக்கு ஒரு சாதகம், தரையில் உட்கார்ந்து பழகிய உடம்பு. நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் தயங்காமல் முதலிலேயே சொல்லுங்கள், நாற்காலி போட்டுத் தருகிற கோயில்கள் நிறைய. புடவையைவிட சல்வார் வசதி. இறுக்கமான ஜீன்ஸில் போனால் நீங்கள் அவஸ்தைப்படுவீர்கள்.

உட்கார்ந்து முடித்ததும் சில இடங்களில் இதய சூத்திரம் என்கிற சின்ன பௌத்த நூலை ஓதுவார்கள். மர மத்தளத்தைத் தட்டித் தட்டி ஒரே சுருதியில் போகும். ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருங்கள், கடைசியில் 'க்யாதெய் க்யாதெய் ஹாரா க்யாதெய்' என்று வரும். 'கதே கதே பாரகதே' தான் அது, சமஸ்கிருதம் சீன எழுத்தில் ஏறி ஜப்பானிய நாக்கில் இறங்கியது. அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்.

சாப்பாடு. இதற்குத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள், நியாயம்தான். ஜப்பானில் 'சைவம்' என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காரணம் தாஷி என்கிற சாறு. மிசோ சூப், உடோன் குழம்பு, வேகவைத்த காய்கறி வரைக்கும் காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுத்த சாற்றில்தான் செய்வார்கள். மீன் துண்டு கண்ணில் படாததால் பரிமாறுகிறவரும் சைவம் என்றே மனதாரச் சொல்வார். ஆனால் கோயில் சமையலான ஷோஜின் ரியோரியில் இந்தப் பயம் வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை இல்லை; பூண்டு, வெங்காய வகைகளும் இல்லை. தாஷியைக் கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலும் எடுப்பார்கள். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய எள் தோஃபு, சோயாப் பாலின் ஆடையான யூபா, கோதுமைப் பசையில் செய்த ஃபு, பருவத்துக் காய், ஊறுகாய், சோறு. கியோட்டோவில் டென்ரியூஜிக்குள் ஷிகெட்சு, டைடோகுஜி வளாகத்தில் இஸுசென் இரண்டும் இதற்குப் பெயர் போனவை. இஸுசெனில் பிட்சைப் பாத்திரம் போன்ற சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் தருவார்கள், தின்று முடித்ததும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். எள் தோஃபுவை எல்லோருக்கும் பிடிக்கும். மற்றதில் உப்பு, காரம் தேடினால் ஏமாற்றம்தான். என் சித்தி மூன்றாவது கிண்ணத்தில் கைப்பையைத் திறந்து பருப்புப் பொடியை எடுத்துவிட்டார். உணவுக்கு முன்பே எச்சரித்துக் கூட்டிப்போங்கள்.

சமையலை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1223-ல் சீனத்துறைமுகத்தில் கப்பலிலேயே காத்திருந்த இளம் தோகெனிடம், அசோகர் பெயர் கொண்ட மலையின் மடத்திலிருந்து அறுபத்தொரு வயதுச் சமையல் துறவி ஒருவர் காளான் வாங்க வந்தார். ராத்திரி தங்கிப் பேசிவிட்டுப் போங்களேன் என்றார் தோகென். நாளைக்குச் சமைக்க வேண்டும், முடியாது என்றார் கிழவர். இந்த வயதில் தியானமும் படிப்பும் செய்யாமல் ஏன் அடுப்படியில் கிடக்கிறீர்கள் என்று தோகென் கேட்க, கிழவர் வாய்விட்டுச் சிரித்தார்: வெளிநாட்டிலிருந்து வந்த தம்பிக்குப் பயிற்சி என்றால் என்ன என்றே இன்னும் தெரியவில்லை. ஊர் திரும்பிய தோகென் 1237-ல் கோயில் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். மடத்தில் சாப்பிடுகிறவர்கள் ஒரு துண்டு ஊறுகாயை மிச்சம் வைத்து, கடைசியில் வெந்நீரை ஊற்றி, அந்தத் துண்டாலேயே கிண்ணத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீரையும் குடித்துவிடுவார்கள்.

கோயில் சமையற்கட்டு மண்டபத்தில் கவசம் அணிந்த இளம் வீரன் ஒருவன், கூப்பிய கைகளின் மேல் ஆயுதத்தைக் குறுக்கே தாங்கி நிற்பதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெயர் இதாதென். ஜென் அடுக்களையின் காவலர், வேகமாக ஓடுவதற்குப் பேர்போனவர். புத்தரின் அஸ்தியைத் திருடிக்கொண்டு ஓடிய அசுரனை விரட்டிப் பிடித்தவர். ஆராய்ச்சியாளர்கள் அவரை ஸ்கந்தனோடு இணைக்கிறார்கள். ஆம், நம் முருகன்தான், சீனம் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். உஜியில் இருக்கும் ஓபாகு தலைமைக் கோயிலான மம்புகுஜியில் ஒரு அழகான இதாதென் சிலை இருக்கிறது. கியோட்டோவிலிருந்து அரை மணி நேரம்தான், கூட்டம் இருக்காது. எனக்குத் தெரிந்து நம் ஊர்க்காரர்கள் யாரும் அங்கே போவதில்லை.

எய்ஹெய்ஜி பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தோகென் 1244-ல் ஃபுகுய் மலைகளுக்குள் தொடங்கிய மடம். சோதோ பிரிவுக்கு ஜப்பான் முழுக்க இருக்கும் 14,000-க்கும் மேற்பட்ட கோயில்களுக்கு இதுவும் யோகோஹாமாவின் சோஜிஜியும் தலைமை. இன்னொரு விஷயம், நீங்கள் ஊர்க் கோயில்களில் பார்க்கும் துறவிகளில் பலர் கல்யாணம் ஆனவர்கள். 1872-ல் அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது, அதிலிருந்து கோயில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. அந்த மகன்கள் ஒன்றிரண்டு வருடம் பயிற்சிக்கு வருகிற இடங்களில் எய்ஹெய்ஜிதான் கடுமையானது. தியான மண்டபம், குளியலறை, கழிப்பறை மூன்றிலும் பேசக் கூடாது. விடிவதற்கு வெகு முன்பே ஒருவர் மணியை ஆட்டிக்கொண்டு ஓடி எல்லோரையும் எழுப்புவார். மூடிய நடைக்கூடப் படிகளை ஈரத் துணியால் ஓடி ஓடித் துடைத்துத் துடைத்து மரம் கண்ணாடியாகப் பளபளக்கும். முன்பதிவு செய்து ஓர் இரவு தங்கலாம்: மாலை ஜாஜென், கோயில் சாப்பாடு, அதிகாலை வழிபாடு. நூற்றுக்கும் மேற்பட்ட இளம் துறவிகள் இருட்டில் ஒரே குரலில் ஓதுவதைக் கேட்பது வேறு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை.

2024 மார்ச்சிலிருந்து ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயில் டோக்கியோவிலிருந்து நேராக ஃபுகுய் வரை போகிறது, அங்கிருந்து பஸ். கியோட்டோவிலிருந்து வந்தால் சுருகாவில் ரயில் மாற வேண்டும். ஆனால் மடம் மலைச்சரிவில் இருக்கிறது, மண்டபத்துக்கு மண்டபம் படிதான். அம்மாவால் ஏற முடியாது என்று தோன்றினால் இரவுத் தங்கலை விட்டுவிட்டுப் பகலில் மட்டும் போய் வாருங்கள், கீழ் மண்டபங்களைப் பார்த்தாலே மனது நிறையும்.

மீதியெல்லாம் சின்ன விஷயங்கள். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 400-லிருந்து 1,000 யென்னுக்குள், கையில் சில்லறை வையுங்கள், கார்டு வாங்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மாலை 4, 5 மணிக்கே மூடிவிடுவார்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டுங்கள், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாதாமிப் பாயின் துணி ஓரத்தையும் மிதிக்கக் கூடாது, அது நமக்குப் புதிது. கழிப்பறைக்கு என்று தனிச் செருப்பு இருக்கும், அதைப் போட்டுக்கொண்டே மண்டபத்துக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள். என் நண்பன் ஒருவன் வந்தான், புத்தர் முன்னால் வரை. சிலை இருக்கும் மண்டபங்களில் படம் எடுக்க வேண்டாம். நல்ல, ஓட்டை இல்லாத சாக்ஸ் ஆளுக்கு நாலு ஜோடி எடுத்துப் போங்கள், அக்டோபர் கடைசியிலேயே காலை நேரத்து மரத்தரை ஜில்லென்று இருக்கும். அம்மாவுக்குக் குனியாமல் போட்டுக் கழற்றுகிற மாதிரிச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கழற்ற வேண்டிவரும்.